வெச்சர்றேன் என்று சொல்லிவிட்டு வைக்காதவர்

அவரிடம் இருப்பது ஒரே ஒரு துண்டு. பள்ளிபாளையம் பக்கம் தறியில் ஓட்டுகிற சாதாரண வெள்ளைத் துண்டு. அதைத் தோளில் போட்டுக்கொண்டால் கோழிப்பண்ணை சூப்பர்வைசர். கோழிகளிடம் மட்டும் மரியாதையாகப் பேசுவார், மனிதர்களை விரட்டுவார். முக்காடாக இழுத்துவிட்டுக்கொண்டால் தறி ஓட்டும் அக்கா. மேசைமேல் விரித்துவிட்டு அதன் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்தால், எந்தத் தாளைக் கொடுத்தாலும் திருப்பிப் பார்த்துப் பின்பக்கம் ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்கிற ஆபீசர். தலையில் உருமாலாகக் கட்டினால் ரிக் வண்டி அண்ணன். முகத்தில் மை கிடையாது, ஒட்டுமீசை கிடையாது. துண்டு இடம் மாறும், ஆள் மாறிவிடுவார். கண்ணே வேறு ஆளுடைய கண்ணாகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவருடைய புதுக் காமெடி வீடியோ வரும். ஒன்பதே முக்காலுக்கே நான் போனைச் சார்ஜரிலிருந்து கழற்றி, சட்டையில் துடைத்து, தண்ணீர்ச் சொம்பின்மேல் சாய்த்து வைத்துவிடுவேன். அம்மா, தங்கச்சி, நான் மூன்று பேரும் தரையில் ஒட்டி உட்காருவோம். பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட நான் அப்படி உட்கார்ந்ததில்லை.

எங்கள் வீடு திருச்செங்கோட்டுக்கும் பள்ளிபாளையத்துக்கும் நடுவில். அம்மா பள்ளிபாளையத்தில் ஒரு விசைத்தறிப் பட்டறைக்குப் போகிறார். அப்பா ரிக் வண்டியில் டிரில்லர். ரிக் வண்டி என்றால் ஆழ்துளைக் கிணறு போடுகிற பெரிய லாரி. ராடு என்கிற இரும்புக் குழாயை மண்ணுக்குள் இறக்கிக் குழி போடுகிறவர் டிரில்லர். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேராவது ரிக் வண்டியில் இருப்பார்கள். வருஷத்தில் எட்டு ஒன்பது மாதம் வடக்கே எங்கெங்கோ மண்ணைக் குடைந்துவிட்டு, அங்கே மழை பிடித்ததும் ஊர் திரும்புவார்கள். அப்பா பள்ளிக்கூடம் போனதில்லை, அம்மாவும் போனதில்லை. எங்கள் வீட்டில் முதலில் புத்தகப் பையைத் தூக்கியவன் நான். அப்போது கல்லூரியில் கணிதம் கடைசி வருஷம்.

முதலில் எங்களைப் பிடித்து உட்கார வைத்தது தறி அக்காதான். தறிச் சத்தத்துக்குள் பல வருஷம் நின்றவர்களுக்கு மெதுவாகப் பேச வராது. அந்த அக்கா ஓர் இழவு வீட்டுக்குப் போகிறார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அம்மாளின் காதருகே குனிந்து ரகசியமாகக் கேட்கிறார், "எப்படிங்கக்கா ஆச்சு?" என்று. அந்த ரகசியம் பந்தலைத் தாண்டித் தெருமுனை வரை போகிறது. அங்கே பீடி குடித்துக்கொண்டிருக்கிற ஒருவர் அங்கிருந்தே பதில் சொல்கிறார்: "நெஞ்சு வலிங்க." அக்கா திரும்பி முறைக்கிறார். "பொம்பளைங்க ரகசியமாப் பேசறத ஒட்டா கேக்கற?"

அம்மா சிரித்த சிரிப்பில் சொம்பு உருண்டு போன் கவிழ்ந்தது.

"இவன் எந்தப் பட்டறையில ஓட்டுனான்?" என்றார் அம்மா, சிரிப்பு அடங்கியதும்.

"அவரு தறியே ஓட்டலம்மா. சேலத்துல கடைக்காரரு மகன்."

"பொய் சொல்றான். இழை அறுந்தா இப்பிடித்தான் நாங்க இடுப்புல கைய வெச்சுட்டுத் தறிய மொறைப்போம். கடைக்காரனுக்கு அது எப்பிடித் தெரியும்?"

"மெதுவாப் பேசும்மா. பக்கத்தூட்டுல கேக்குது" என்றாள் தங்கச்சி.

"மெதுவாத்தான பேசறேன்."

அவர் பொய் சொல்லவில்லை. சேலம் கடைவீதியில் அவர்கள் குடும்பத்துக்கு இரும்புச் சாமான் கடை. பள்ளிக்கூட லீவில் அத்தாவோடு, முஸ்லிம் வீடு என்பதால் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார், கல்லாவுக்குப் பக்கத்தில் உட்காரவைப்பார்களாம். ஆத்தூர்ப் பக்கத்து ஆளும் வருவார், இளம்பிள்ளை ஆளும் வருவார், எங்கள் திருச்செங்கோட்டு ஆளும் வருவார். ஆணி வேண்டும் என்று ஒருவர் சொல்லி முடிப்பதற்குள், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பையன் அவர் எந்தப் பக்கத்தவர் என்று சொல்லவேண்டும். அது அத்தாவுக்கும் அவருக்குமான விளையாட்டு. இதை அவரே ஒரு வீடியோவில் சொல்லியிருக்கிறார்.

சினிமா நடிகர்கள் மாதிரியும் தலைவர்கள் மாதிரியும் பேசுகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். எங்கள் கல்லூரி விழாவிலேயே நாலு பேர் மேடை ஏறுவார்கள். அந்தக் குரல்களை நாம் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறோம். சரியாக வந்ததா இல்லையா என்று மார்க் போடலாம், அவ்வளவுதான். இவர் செய்வது வேறு. கூடவே இருக்கிற நாமே கவனிக்காத ஓர் ஆளை எடுத்து, இரண்டு நிமிஷம் ஊரையே பார்க்க வைத்துவிடுகிறார். அதே ஆள் அடுத்த மாதம் மறுபடியும் வருகிறார். வீட்டுக்கு ஒரம்பரை, சொந்தக்காரர் வந்த மாதிரி இருக்கிறது. பண்ணை சூப்பர்வைசருக்குக் காய்ச்சல் என்று ஒரு வாரம் வந்தபோது, வீடியோவுக்குக் கீழே எத்தனையோ பேர் கஷாயத்துக்குப் பக்குவம் எழுதியிருந்தார்கள். நானும் ஒன்று எழுதினேன். பதினைந்து வருஷம் படித்த என் பாடப்புத்தகம் எதிலும் தறி ஓட்டும் அக்கா வந்ததில்லை. அம்மா இடுப்பில் கை வைப்பது ஒரு விஷயம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தத் துண்டுதான்.

ஆனால் ரிக் அண்ணன் மட்டும் அப்போது சரியில்லை. சத்தம் போடுவார், அரைகுறை இந்தியில் திட்டுவார், மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். எங்கள் தெருவில் யாரும் சிரிக்கவில்லை. அவருக்கும் அது தெரிந்திருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைசியில் துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, "ரிக் அண்ணன் எனக்குச் சரியா வரல. அந்த வீட்ல இருக்கறவங்க யாராவது எழுதுங்க" என்றார்.

நான் எழுதினேன். யாரும் மார்க் போடாத ஒன்றை அன்றைக்குத்தான் முதன்முதலாக எழுதினேன்.

அப்பா சாயங்காலம் ஏழு மணி சுமாருக்குக் கூப்பிடுவார். பேச்சு எப்போதும் ஒன்றுதான்.

"சாப்டீங்களா?"

"இல்லீங்கப்பா, இனிமேத்தான்."

"மழ பேஞ்சுதா?"

"இல்லீங்கப்பா."

"உங்கம்மா?"

"சமைக்குதுங்க."

"செரி, வெச்சர்றேன்."

அரை நிமிஷம்கூட இருக்காது. ஆனால் அவர் போனை வைக்கமாட்டார். லைன் அப்படியே இருக்கும். முதலில், அவருக்குப் போனை அணைக்கத் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன். ஒருநாள் நானும் தங்கச்சியும் தோசைக்கல்லில் கடைசித் தோசை யாருக்கு என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது போனிலிருந்து மூக்கில் அடக்கிய ஒரு சிரிப்பு வந்தது. அப்புறம்தான் புரிந்தது. அப்பா கேட்டுக்கொண்டிருக்கிறார். குக்கர் விசில், தங்கச்சி சத்தமாகப் பாடம் படிப்பது, குழாயடியில் குடம் வைக்கிற சத்தம், எல்லாவற்றையும் பத்து நிமிஷம் கேட்டுவிட்டு அப்புறம் வைக்கிறார். நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அடுத்த நாள், அவர் 'வெச்சர்றேன்' என்றதும் அம்மா வந்து போனை என் கையிலிருந்து வாங்கி, ஒரு வார்த்தை பேசாமல், அடுப்புக்குப் பக்கத்தில் ஜன்னல் திட்டின்மேல் வைத்தார். அம்மாவுக்கு என்னைவிட முன்னாலேயே தெரிந்திருக்கிறது.

நாங்கள் அறிவோம் என்பது அப்பாவுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் பேசிக்கொள்ளாத விஷயம் இது. இதைத்தான் முகம் தெரியாத ஒருவருக்கு, ஒற்றெழுத்துகூட விடாமல் எழுதி அனுப்பினேன்.

இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை பத்து மணி. சொம்பு, போன், நாங்கள் மூன்று பேர்.

ரிக் அண்ணன் உருமாலோடு ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருக்கிறார். காதில் போன். கத்தவில்லை, திட்டவில்லை. "செரி, வெச்சர்றேன்" என்கிறார். வைக்கவில்லை. அங்கே வீட்டில் குக்கர் விசில் அடிக்கிறது. அண்ணன் ஒரு விரலை மடக்குகிறார். மகனும் மகளும் சார்ஜருக்குச் சண்டை போடுகிறார்கள். அதட்ட வாயைத் திறக்கிறார், போனைத்தான் வைத்துவிட்டோமே என்று நினைவு வந்து மூடிக்கொள்கிறார். வீட்டுக்காரி பக்கத்து வீட்டில் சொல்கிறாள்: "இந்த மனுசனுக்கு ஊட்டு நெனப்பே கெடையாதுங்க." அண்ணன் எழுந்து நிற்கிறார். மறுப்புச் சொல்லவேண்டும், சொன்னால் இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தது தெரிந்துவிடும். உட்காருகிறார். மறுபடியும் விசில். இரண்டாவது விரலை மடக்குகிறார்.

அவ்வளவுதான் வீடியோ. தெரு முழுக்க, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரே சமயத்தில் சிரிப்புச் சத்தம் வந்ததை நான் வாசலில் நின்று கேட்டேன். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சாயங்காலத்துக்குள் கீழே நீளமாக வந்துகொண்டே இருந்தது: எங்கப்பாவும் இப்படித்தான், என் தம்பியும் இப்படித்தான், எங்க மாமனாரும். வடக்கே குழி போடப்போன அத்தனை பேரும் போனை வைக்காமல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் போலிருக்கிறது. மறுநாள் கல்லூரி பஸ்ஸில் இறங்கவேண்டிய இடத்தில் ஒருத்தன் "செரி, வெச்சர்றேன்" என்று சொல்லிவிட்டு இறங்காமல் படியிலேயே நின்றான். கண்டக்டரே சிரித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் அப்பாவை பஸ்ஸே செய்துகாட்டுகிறது. எழுதியவன் நான் என்று ஒருத்தருக்கும் தெரியாது. அந்தச் சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அம்மா அன்றைக்குச் சாயங்காலம் கேட்டார்.

"நீதான சொன்ன?"

"ஆமாம்மா."

"நல்லாத்தான் பண்ணியிருக்கறான். உங்கப்பனுக்கு மட்டும் தெரிஞ்சுது, அப்பறம் வெச்சர்றேன்னு சொன்னா வெச்சுருவாரு. பாத்துக்க."

ஒரு வாக்கியம்தான். அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் ஏழு மணிக்குப் போன் அடிக்கும்போது எனக்கு அந்த வாக்கியம்தான் முதலில் கேட்டது. அந்தப் பத்து நிமிஷம் அப்பாவுக்கு இருந்தது. அதை நான் பறித்துக் கொடுத்துவிட்டேனோ?

ஆடியில் அப்பா ஊருக்கு வந்தார். அவரிடம் இருப்பது பட்டன் போன். அதில் வீடியோ வராது. அது பெரிய ஆறுதலாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் மூன்று பேரும் பத்து மணிக்கு மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

புரட்டாசியில் வீடியோக்காரரிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. துண்டில்லாத, சேலத்துக்காரரின் சொந்தக் குரல். "தம்பி, ரிக் வண்டியை நான் ரோட்டுல போறப்ப பார்த்ததோட சரி. பக்கத்துல நின்னதே இல்ல. உங்கப்பா வண்டிகிட்ட நின்னு ஒரே ஒரு சீன் எடுத்துக்கலாமா? பூஜை போட்டு வண்டி கெளம்பற மாதிரி."

மறுத்திருக்க வேண்டும். ஒரு நிமிஷத்துக்குள் சரி என்று அனுப்பிவிட்டேன். அவரை நேரில் பார்க்கப்போகிறேன் என்ற ஒன்றைத் தவிர வேறெதுவும் அப்போது மண்டையில் ஏறவில்லை. அப்புறம் உறைத்து, இன்னொன்றும் அனுப்பினேன்: போன் சீன் மட்டும் வேண்டாம் அண்ணா, அப்பாவுக்குத் தெரியாது. "கண்டிப்பா மாட்டேன் தம்பி" என்று பதில் வந்தது.

வண்டி ஓனருக்கு ஒரே குஷி. ஆயுத பூஜைக்கு மூன்று நாள் இருந்தது. ஷெட்டின் திறந்த முற்றத்தில் வண்டி சர்வீஸ் முடிந்து மஞ்சள் பெயிண்ட் காய்ந்தும் காயாமலும் நின்றது. பூஜை முடிந்ததும் வடக்கே கிளம்பவேண்டியது. காலையில் நானும் அப்பாவும் போனபோது ஆட்கள் ஐந்து பேரும் தலை சீவிச் சுத்தமான சட்டையில் நின்றார்கள்.

"ஏஞ்சாமி, யாரு வாராங்க?" என்றார் அப்பா.

"காமெடி பண்றவருங்கப்பா. போன்ல வருவாரு."

"நம்ம வண்டியில என்ன காமெடி கெடக்குது?"

அவர் ஒரு ஸ்கூட்டரில் வந்தார், பின்னால் படமெடுக்கிற நண்பர். குள்ளமாக, ஒல்லியாக, பேச்சு தரையைப் பார்த்து. ஆட்களில் ஒருவன், "இவருதானா? பைப்பு விக்க வந்த ஆளாட்ட இருக்கறாரு" என்று முணுமுணுத்தான். அவர் பையைத் திறந்து துண்டை எடுத்து உருமால் கட்டினார். முணுமுணுத்தவன் தன்னையறியாமல் ஓரடி தள்ளி வழிவிட்டான்.

பூஜை சீன் எடுக்கத் தயாரானபோது ஓனர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "பாய், அதுக்கு முந்தி எங்க பசங்களுக்கு அந்தப் போன் பேசறதப் பண்ணிக் காட்டுங்க."

அவர் என்னைப் பார்த்தார். "அது இன்னொரு நாளைக்கிங்க. வெயில் ஏறிடும்" என்றார்.

"அதப் பண்ணாம எப்பிடிங்க? இத்தன பேரு காத்துட்டிருக்கறோம்."

ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். அவர் தப்பிக்கப் பார்த்து வேறு மாதிரி ஆரம்பித்தார். "ஹலோ, ரேஷன் வாங்கியாச்சா" என்று என்னவோ பேசினார். "அண்ணா, அது இல்லீங்க, மழ பேஞ்சுதான்னு கேக்கோணும்" என்று ஒருவன் திருத்தினான். "அப்பறம் உங்கம்மான்னு கேக்கோணும்" என்றான் இன்னொருவன். வார்த்தை வார்த்தையாக அவர்களே எடுத்துக்கொடுக்க, அவர் கடைசியில் வேறு வழியில்லாமல் கல்லில் உட்கார்ந்து செய்தார். செய்ய ஆரம்பித்தால் அவரால் குறைவாகச் செய்யவும் முடியவில்லை. "செரி, வெச்சர்றேன்." விரல் மடங்கியது. வாய் திறந்து மூடியது. ஆட்கள் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள்.

அப்பா கையில் கிரீஸ் துணியோடு வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை. துணியை மடித்தார், மறுபடியும் மடித்தார், மடிக்க முடியாத அளவுக்குச் சின்னதாகும் வரை மடித்தார். அப்புறம் என்னிடம் வந்து, யாருக்கும் கேட்காமல் கேட்டார்.

"இத எழுதிக் குடுக்கத்தான் படிச்சயா சாமி?"

பதிலுக்கு நிற்காமல் அவர் வண்டிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

அதைச் சேலத்துக்காரரும் பார்த்துவிட்டார். என்னிடம் வந்து, "சீக்கிரம் முடிச்சுட்டுக் கெளம்பிர்றேன் தம்பி" என்றார். நண்பர் படமெடுக்க, வண்டிக்கு முன்னால் மண்ணில் குங்குமம் வைத்து, கற்பூரத்தை ஏற்றி, தேங்காயைச் சுற்றி, கல்லில் ஓர் அடி. தேங்காய் இரண்டே துண்டாக, நடுவில் கோடு போட்ட மாதிரி பிளந்தது. ஆயுத பூஜைக்குச் சேலத்தில் அவர்கள் கடைவீதி முழுக்க உடைப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறார். அந்தக் குனிவு, அந்த மூச்சு, எல்லாம் அச்சு.

ஆட்கள் எல்லோரும் ஓரடி பின்னால் போனார்கள்.

என்ன ஆயிற்று என்று அவருக்குப் புரியவில்லை. எனக்குமே புரியவில்லை. மூத்த ஆள் ஒருவர் உருமாலை அவிழ்த்துவிட்டார். அப்பா வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்து, கிடந்த இரண்டு மூடிகளையும் பார்த்தார்.

"குழியெடத்துல தேங்கா ஒடஞ்சிருச்சு" என்றார். "இனி ராடு எறங்காம வண்டி நகராதுங்க."

"சும்மா நடிப்புக்குத்தானேங்க ஐயா?"

"தேங்காய்க்கு அது தெரியாதுங்களே."

ரிக் வண்டிக்காரர்களிடம் அப்படி ஒன்று இருக்கிறது. வண்டிக்கு முன்னால் மண்ணில் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தாகிவிட்டால் அது குழியிடம், குழி போட்டே ஆகவேண்டும். போடாமல் எடுத்த வண்டிக்கு அந்த வருஷம் ராடு முறியும், ஆளுக்கு அடிபடும் என்பார்கள். இது அப்பா போனில் ஒருநாளும் சொல்லாத விஷயம். போனில் கேட்டதைத்தானே நான் எழுதினேன்.

ஓனர் நாற்காலியை விட்டு எழுந்தார். "என்ற ஷெட்டுக்கு நடுவுலயா? கான்கிரீட்டு போடலாம்னு இருக்கறனே."

"ஒரு ராடு. சாங்கியத்துக்கு" என்றார் அப்பா.

ஓனர் தேங்காயைப் பார்த்தார், புதுப் பெயிண்டைப் பார்த்தார். "போடுங்க, போடுங்க. ஒடஞ்சதுக்கப்பறம் என்ன பேச்சு?"

வண்டியின் உயரமான இரும்புக் கோபுரம் எழுந்து நின்றது. கம்ப்ரசர் ஓட ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தைச் சொல்லி விளக்க முடியாது, பல்லுக்குள் கேட்கும். சேலத்துக்காரர் ஏதோ சொன்னார், வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. குரலை வைத்து ஊரையே பிடித்த மனிதருக்கு அங்கே குரலே கிடையாது. யாருக்குமே கிடையாது. அப்பா மேலே லீவருக்குப் பக்கத்தில் நின்று கையால் பேசினார். உள்ளங்கையைக் கவிழ்த்து அழுத்தினால் இறக்கு. விரலைச் சுற்றினால் சுற்று. கையை மூடினால் நிறுத்து. ஆட்கள் அந்தக் கையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. என் வாழ்க்கையில் அப்பா வேலை செய்வதை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அரை நிமிஷம் பேசுகிற மனிதர் என்று நினைத்திருந்தேன். அவர் ஒரு நொடி ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்.

வெள்ளைத் தூசி எழுந்தது. படமெடுத்த நண்பர் போனைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஓடினார். அதனால் இனி நான் சொல்வதற்கு வீடியோ கிடையாது.

அவர் ஓடவில்லை. தூசிக்குள்ளேயே நின்று அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் கையும் எழுந்தது. உள்ளங்கை கவிழ்ந்தது. விரல் சுற்றியது. தலையிலிருந்து கால்வரை வெள்ளையாக, அப்பாவுக்கு நேர் எதிரே, இன்னொரு அப்பா. கையெல்லாம் கிரீஸாக இருப்பதால் மூக்கு அரித்தால் அப்பா தோளைத் தூக்கி மூக்கைத் தேய்த்துக்கொள்வார். அதையும் அவர் செய்தார், அப்பா செய்வதற்குக் கொஞ்சம் முன்னாலேயே செய்தார். ஆட்களில் ஒருவன் பார்த்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். சொன்னபடி ஏன் நடக்கவில்லை என்று அப்பா திரும்பினார். பார்த்துவிட்டார்.

அப்பா கையை மூடினார். எதிரே இருந்தவரும் மூடினார். அப்பா அவரைக் காட்டி, 'தள்ளிப் போ' என்று கையை வீசினார். அவர் அப்பாவைக் காட்டி, அதே கோபத்தோடு, 'தள்ளிப் போ' என்று வீசினார். எந்தக் கைக்குக் கட்டுப்படுவது என்று தெரியாமல் ஆட்கள் நடுவில் நின்றார்கள். ராடு பாதியில் நின்றது. அப்பா இரண்டு கையையும் இடுப்பில் வைத்தார். அவரும் வைத்தார்.

அப்பாவின் தோள் குலுங்கியது. பல் தெரிந்தது. கம்ப்ரசர் சத்தத்தில் சிரிப்பு ஒரு துளிகூடக் கேட்கவில்லை, ஆனால் லீவரைப் பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து சிரித்தார். கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டார். எதிரே இருந்தவரும் தோளில் துடைத்துக்கொண்டார். நான் ஷெட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தத் துண்டுக்காரரைப் பற்றி இனி யார் என்ன சொன்னாலும் எனக்கு இது ஒன்று போதும்.

கம்ப்ரசரை நிறுத்தியதும் காது 'கொய்' என்றது. அப்பா இறங்கி வந்தார்.

"தேங்கா ஒடைக்கறதுக்கு முந்தி ஒரு வார்த்த கேக்கோணுங்க."

"தெரியாதுங்க ஐயா. தம்பி எழுதல."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "அவனுக்கு என்ன தெரியும்?" என்றார் அப்பா. "போன்ல கேட்டது மட்டுந்தான அவனுக்குத் தெரியும்."

ஓனர் குழியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தன ஊருக்குக் குழி போட்டு, என்ற ஷெட்டுல வெறுங்குழி. இத என்னப்பா பண்றது?"

"வேப்பங்கன்னு வைங்க" என்றார் அப்பா.

வீட்டுக்குத் திரும்பும்போது நான் பைக் ஓட்டினேன், அப்பா பின்னால். சங்ககிரி ரோட்டை விட்டு எங்கள் பாதைக்குத் திரும்பியதும் என் தோளைத் தட்டினார்.

"அந்தப் பையனுக்கு எழுதிப்போடு. நிறுத்துன்னு கைய மூடறப்ப கட்டவெரல வெளிய வெக்கோணும். அவன் உள்ள வெச்சு மூடறான். நாலு பேரு பாக்கறதத் தப்பாக் காட்டக் கூடாது."

"சரிங்கப்பா."

"நல்லா எழுது. படிச்சவன்தான நீ."

போன் விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கும் இல்லை, கிளம்புகிற வரைக்கும் இல்லை. அதனால் எனக்குப் பயம் தீரவில்லை. அவர் சிரித்தது உண்மை. ஆனால் இனி ஏழு மணிக்கு 'வெச்சர்றேன்' என்று சொல்லிவிட்டு என்ன செய்வார்?

ஆயுத பூஜை முடிந்து வண்டி போய் ஐந்தாம் நாள், முதல் குழி முடிந்து போன் வந்தது. சாப்டீங்களா. மழ பேஞ்சுதா. உங்கம்மா.

"செரி, வெச்சர்றேன்."

நான் போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தேன். லைன் இருந்தது. விநாடி ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவிடம் நீட்டினேன், அம்மா வாங்கி ஜன்னல் திட்டில் வைத்தார். அப்புறம் ஒன்றும் ஓடவில்லை. நாங்கள் கேட்கப்படுகிறோம் என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். வீடு எப்படிச் சத்தம் போடும் என்பதே எங்களுக்கு மறந்துவிட்டது. தங்கச்சி புத்தகத்தைத் திறந்து ஒரே வரியை மூன்று தடவை படித்தாள், மேடையில் வாழ்த்து சொல்கிற குரலில். அம்மா ஒரு டம்ளரை எடுத்து, எந்தக் காரணமும் இல்லாமல், கீழே வைத்தார். நான் இருமினேன். குக்கர் மட்டும்தான் இயல்பாக இருந்தது. அது பாட்டுக்கு விசில் அடித்துக்கொண்டிருந்தது. போனிலிருந்து சத்தமே இல்லை. வைத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"நாலு விசிலாச்சு" என்றது ஜன்னல் திட்டு. "அடுப்ப அமத்தச் சொல்லு சாமி."

அம்மா அடுப்பை அணைக்கவில்லை. இடுப்பில் கையை வைத்துப் போனை முறைத்தார்.

"வெச்சர்றேன்னு சொல்லிப்போட்டு என்ன பேச்சு?" என்றார், மெதுவாகத்தான். நாலு வீடு தள்ளியிருந்து யாரோ சிரித்தார்கள்.